கெட்ட சகவாசம் என்று ஒரு வரி

"கண்ணு சரியாத் தெரியலைன்னா என்ன பண்ணுவே?"

"கண்ணாடி போடுவேன்."

"கண்ணாடி போட்டவங்களைப் பார்த்து யாராவது, ஐயோ பாவம், கெட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லுவாங்களா?"

"சொல்ல மாட்டாங்க."

"அவ்வளவுதான் கொக்கு. இது மூளைக்குக் கண்ணாடி. இந்தா தண்ணி."

இந்தப் பேச்சு நடந்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிவிட்டது. கட்டடக்கலைத் துறையின் ஸ்டுடியோவில், பசை ஒட்டிய கைகளைக் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசியது. மாத்திரையைக் கொடுத்தவனுக்கு டாக்டர் என்று பெயர். மருத்துவக் கல்லூரி இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. வாங்கியவளைவிட இரண்டு வருடம் மூத்த மாணவன், அவ்வளவுதான். யார் சோர்ந்து உட்கார்ந்தாலும், "தூக்கமா, பயமா, கவனம் நிக்கலையா?" என்று மூன்றே கேள்வி கேட்டுவிட்டு, பென்சில் முனைகள் வைக்கும் சின்ன டப்பாவைச் சட்டைப்பையிலிருந்து எடுப்பான். அதனால் வந்த பட்டம். வாங்கியவளுக்குக் கொக்கு என்று பெயர். வரைபலகை முன்னால் மணிக்கணக்காக ஒற்றைக் காலில் நின்று கோடு போடுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்.

இப்போது காலை பதினோரு மணி. துறைத்தலைவர் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பேச்சை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் கொக்கு. அன்று வாயில் வராத பதில்கள் எல்லாம் இன்று வரிசைகட்டி வந்தன. கண்ணாடியைக் கழற்றி வைத்தால் யாரும் பதினாறு மணி நேரம் அடித்துப் போட்டது மாதிரி தூங்குவதில்லை, டாக்டர். கண்ணாடி போட்டவளுக்குச் சாப்பிட மறந்து போவதில்லை. போன மாதம் ஒரு கண்ணாடி போதும், இந்த மாதம் இரண்டு போட்டால்தான் தெரிகிறது என்று எவளும் சொல்வதில்லை.

தன் புத்தி எப்போதுமே பஸ் போன பிறகு நிறுத்தத்துக்கு வந்து சேர்கிற ரகம் என்று நினைத்துக்கொண்டாள். பதினொன்றரைக்கு அம்மாவோடு உள்ளே போகவேண்டும். அம்மா இன்னும் வரவில்லை.

ஸ்டுடியோவின் நடுவில் ஒரு தூண் உண்டு. அதில் தரையிலிருந்து ஆள் உயரத்துக்குப் பென்சில் கோடுகள். ஜூரி நெருங்கும் வாரங்களில் யார் எத்தனை மணி நேரம் தூங்காமல் இருந்தார்கள் என்ற கணக்கு அது. ஜூரி என்றால், செய்த மாடலை நடுவர்கள் முன்னால் வைத்துப் பேசும் நாள். அதற்கு முந்தைய வாரத்தில் முதலில் தூங்கிப் போகிறவர், எழுந்ததும் துடைப்பத்தை எடுத்து, வெட்டிப்போட்ட அட்டைத் துணுக்குகள் அத்தனையையும் பெருக்கவேண்டும். யார் எப்போது போட்ட சட்டம் என்று தெரியாது. ஆனால் தேர்வு விதிகளை மீறியவர்கள் உண்டு, இந்த விதியை மீறியவர்கள் இல்லை.

முதல் வருடம் முழுக்கப் பெருக்கியது கொக்குதான்.

"கொக்கு, அந்த மூலையில ரெண்டு துண்டு கிடக்கு பாரு."

"விடுடா, பாவம், பாதித் தூக்கத்துல இருக்கா. துடைப்பத்தைப் பிடிச்சிக்கிட்டே தூங்குறா பாரு."

சொன்னவர்கள் எதிரிகள் அல்ல. தங்கள் சாப்பாட்டில் பாதியைப் பிட்டுக் கொடுக்கிறவர்கள், காய்ச்சல் வந்தால் அவள் படங்களுக்கும் சேர்த்து மை போடுகிறவர்கள். வேண்டாதவன் கேலியை வாசலிலேயே தட்டிவிட்டுப் போகலாம். வேண்டியவர்கள் கேலி நேரே உள்ளே வந்து பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். இரண்டாம் வருடத்தில் ஒரு நாள் டாக்டர் டப்பாவை நீட்டினான். அந்த வாரம் தூணில் அவள் கோடு ஐம்பதைத் தாண்டியது. கைதட்டினார்கள். துடைப்பம் வேறு கைக்குப் போனது.

ஆனால் துடைப்பத்துக்கு மட்டும் பயந்து ஒருத்தி ஒரு வருடமாக மாத்திரை விழுங்க மாட்டாள். கொக்குக்கு அது தெரியும். மீதிப் பயம் வீட்டில் இருந்தது.

அம்மா ஒரு பெரிய தையல் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். முடிந்து வரும் சட்டைகளை விளக்குக்குக் கீழே விரித்து, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே நூல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்து, பழுது உள்ள இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. இருபத்தோரு வருடம் அதே மேசை. அம்மா கண்ணில் படாமல் ஒரு நூல்கூடத் தப்பிக்காது என்று கம்பெனியே சொல்லும். அப்பாவுக்குக் கப்பலில் சமையல் வேலை. வருடத்தில் பத்து மாதம் அவர் ஒரு குரல் மட்டும்தான். ஆக வீட்டில் இருப்பது இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் ஒருத்தி பேச்சை நிறுத்திவிட்டால் வீடு எப்படி இருக்கும் என்று கொக்கிடம் கேட்கவேண்டும்.

அம்மா திட்டமாட்டாள். கை ஓங்கியதே கிடையாது. மார்க்கு குறைந்தால் பேசமாட்டாள், அவ்வளவுதான். பத்தாவதில் கணக்கில் எழுபத்தெட்டு வாங்கியபோது பதினோரு நாள். கல்லூரியில் முதல் பருவத்தில் வகுப்பில் ஒன்பதாவதாக வந்தபோது பத்தொன்பது நாள். சோறு சூடாகத் தட்டில் இருக்கும். துணி இஸ்திரி போட்டு மடித்திருக்கும். வார்த்தை மட்டும் இருக்காது. சொல்லியே ஆகவேண்டிய விஷயம் என்றால் அம்மா ஃபேனைப் பார்த்துச் சொல்வாள். "கேஸ் தீரப்போகுது. யாராவது போன் பண்ணினா நல்லா இருக்கும்." அல்லது அப்பா போன் செய்யும்போது, மகள் காதுபடவே, "உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, நாளைக்கு மழை வருமாம்." நடுக்கடலில் இருக்கும் மனிதர், பக்கத்து அறையில் இருக்கும் மகளுக்கு, மழை வரும் என்று சொல்வார்.

அந்த நாட்களில் கொக்கு ஃபேனைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள்.

ஒன்பது நாட்களுக்கு முன்னால் நடந்த ஜூரிக்கு, சிறுபிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றை வடிவமைக்கச் சொல்லியிருந்தார்கள். மூன்று நாள் மூன்று மாத்திரை வீதம் போட்டுக்கொண்டு கொக்கு அந்த மாடலைச் செய்தாள். அது மாதிரி ஒரு வேலையை அந்தத் துறையில் யாரும் பார்த்ததில்லை. படிக்கட்டுக் கைப்பிடிகளை ஊசியால் கோத்திருந்தாள். ஜன்னல் கம்பி ஒவ்வொன்றும் தலைமுடி கனம். கைகழுவும் தொட்டிகளில் குழாய்கள், குழாய்களில் திருகு. வகுப்பே சுற்றி நின்று வாயைப் பிளந்தது. வெளியிலிருந்து வந்திருந்த நடுவர், வழுக்கைத் தலை, கண்ணாடி, நிதானமான மனிதர், மேசையைச் சுற்றி ஒரு முறை நடந்தார். மறுபடி ஒரு முறை நடந்தார். குனிந்து பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கும்மா. பிள்ளைங்க எது வழியா உள்ள போவாங்க?"

கொக்கு பார்த்தாள். நான்கு பக்கமும் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு வாசலே இல்லை. படத்தில் இருந்தது. அட்டையை வெட்டும்போது விட்டுப்போயிருக்கிறது. குழாய்த் திருகுக்கு ஆறு மணி நேரம் செலவழித்தவளுக்கு, மூன்று நாளில் ஒரு நொடிகூட, கதவு எங்கே என்று தோன்றவில்லை.

வகுப்பு சிரித்தது. நடுவர் கெட்ட எண்ணம் இல்லாதவர். "பரவால்ல, இப்பவே ஒண்ணு திறந்துடலாம். எங்க குறிக்கட்டும், பென்சில் இருக்கா?" என்று அவள் கருவிப்பெட்டியில் கைவிட்டார். பென்சில் கிடைத்தது. அதில் முனை இல்லை. முனை டப்பாவை எடுத்துத் திறந்து உள்ளங்கையில் தட்டினார். விரலிடுக்கில் தப்பிய மூன்று வெள்ளை மாத்திரைகள் பள்ளிக்கூட விளையாட்டு மைதானத்தில் விழுந்து உருண்டன.

அன்று மதியமே கல்லூரியிலிருந்து அம்மாவுக்குப் போன் போனது. அன்றிலிருந்து வீட்டில் ஃபேன் மட்டும்தான் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து கொக்கும் மாத்திரையைத் தொடவில்லை. முதல் இரண்டு நாள் தூக்கம். அப்புறம் பசி. அப்புறம், எதைப் பார்த்தாலும் அழுகை வருகிற ஒரு சாம்பல் நிறம். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது பேசிக்கொண்டே இருந்தால் தாண்டிவிடலாம் போல இருந்தது. அம்மா கட்டில் அருகே தட்டை வைத்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. டாக்டர். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"சளிக்குப் போட்ட மாத்திரைன்னு சொல்லிடு கொக்கு. எல்லாரும் அதையேதான் சொல்றதா பேசி வெச்சிருக்கோம். டாக்டர் எழுதின சீட்டு தொலைஞ்சு போச்சுன்னு சொல்லு."

"எந்த டாக்டர்? நீயா?"

அந்த நிலையிலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனிடம் அவளுக்குப் பிடித்ததே அதுதான். நேரம் காலம் தெரியாமல் சிரித்துவிடுவான். "விளையாடாதே. எனக்குக் கடைசி வருஷம். பேரு வந்தா நான் காலி."

"உன் பேரைச் சொல்ல மாட்டேன்."

"தெரியும். நீ அப்படிப்பட்ட பொண்ணு இல்ல."

"உனக்காகன்னு நினைச்சிக்காதே. உன் பேரைச் சொன்னா எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவாங்க. அதுக்காகச் சொல்ல மாட்டேன். நீ குடுத்தது உன் தப்பு. நான் வாங்கி முழுங்கினது என்னோடது. ரெண்டையும் கலந்து ஒரே பாத்திரத்துல ஊத்தாதே."

அவன் தலை குனிந்துகொண்டான். "நானும்தான் போடுறேன். உனக்குத் தெரியாதா?"

"தெரியும். உன் கையும் ஆடுது பாரு."

அவன் கைகளைத் தொடைக்குக் கீழே ஒளித்துக்கொண்டான். "வெளிய வந்ததும் டீ குடிக்கலாமா?" என்றான், சின்னக் குரலில்.

"உன் கை ஆடுதுன்னு முதல்ல யார்கிட்டயாவது போய்ச் சொல்லு. அப்புறம் டீ."

அவன் எழுந்து போனான். போன திசையில் அம்மா வந்துகொண்டிருந்தாள்.

அரை நாள் லீவு எடுத்து, கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, நேராக மேசையிலிருந்து வந்திருந்தாள். சேலை முந்தானையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது, அவளுக்குத் தெரியவில்லை. மகளுக்கும் தனக்கும் நடுவில் ஒரு கைப்பை இடம் விட்டு உட்கார்ந்து, அந்த இடத்தில் கைப்பையை வைத்தாள்.

"பதினொன்றரைன்னாங்க," என்றாள் கைப்பையிடம். "ரெண்டு மணிக்கு மேசையில இருக்கணும்."

துறைத்தலைவர் நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். யாரையும் கெடுக்காமல் சீக்கிரம் கோப்பை மூடுகிறவர்களுக்கு வரும் பெயர் அது. அம்மாவுக்கு நாற்காலி காட்டினார், கொக்குக்கும் காட்டினார். பக்கத்து மேசையில் இருந்த அலுவலகக் கிளார்க் ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"பயப்படாதீங்கம்மா," என்றார் துறைத்தலைவர் அம்மாவைப் பார்த்து. "நல்லாப் படிக்கிற பொண்ணு. வாழ்க்கையைக் கெடுக்க எங்களுக்கு ஆசை இல்ல. இதுல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிடும். மாடலை மறுபடி செஞ்சு காட்டலாம். மார்க்குக்கும் பாதிப்பு வராது."

கொக்கு தாளைப் படித்தாள். பெயருக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டிருந்தது. மீதி எல்லாம் தயாராக இருந்தது. 'கெட்ட சகவாசத்தின் தூண்டுதலால், அறியாமல் இத்தவறைச் செய்துவிட்டேன். இனி அத்தகையோருடன் பழகமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.'

"சார், இந்த வரியை மாத்தலாமா?"

"எந்த வரி?"

"அறியாமல்னு போட்டிருக்கு. நான் அறிஞ்சுதான் போட்டேன். ஒரு வருஷமா போட்டேன்."

அம்மாவின் வளையல் மேசை விளிம்பில் தட்டியது. துறைத்தலைவர் லேசாக இருமினார். "இது சும்மா வழக்கமான படிவம்மா. இதுல போய் அர்த்தம் பார்க்காதே."

"வழக்கம்தான்," என்றார் கிளார்க் ஸ்டேப்ளரைத் தட்டிக்கொண்டே. அவருக்கு யாரையும் குத்திக்காட்டும் எண்ணம் இல்லை. "இந்த வருஷம் இது பதினெட்டாவது. எல்லாருமே கெட்ட சகவாசம்னுதான் போட்டுட்டுப் போறாங்க. அந்தக் கெட்ட சகவாசம்தான் இன்னைக்கு வரைக்கும் வந்து கையெழுத்துப் போடல."

துறைத்தலைவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். ஸ்டேப்ளர் நின்றது.

"பதினெட்டு பேருக்கும் ஒரே சகவாசம்னா அது யாரு சார்?" என்றாள் கொக்கு. குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "ஸ்டுடியோ தூண்ல பென்சில் கோடு இருக்கு. நீங்க பார்த்திருக்கீங்க. போன வருஷம் வந்த விருந்தாளிகிட்ட, எங்க பிள்ளைங்க அறுபது மணி நேரம் கண்ணு மூடாம உழைப்பாங்கன்னு அதைத்தான் காட்டினீங்க. அன்னைக்கு எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா சார்? அறுபதுல இருபதுதான் என்னோடது. மீதி மாத்திரையோடது. மனுஷ உடம்பு அறுபது மணி நேரம் எப்படி நிக்கும்னு நீங்களும் கேக்கல, நானும் சொல்லல."

"நீ என்னைக் குத்தம் சொல்றியா?"

"இல்ல சார். என்னை மட்டும் சொல்லிட்டு மூடிடாதீங்கன்னு சொல்றேன்."

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலை இறக்கிக்கொண்டு, சட்டத்தைச் சொன்னார். படிவத்தை மாற்றினால் அது ஒழுங்கு நடவடிக்கைக் கமிட்டிக்குப் போகும். கமிட்டி என்றால் ஒரு பருவம் வீட்டில் உட்காரவேண்டி வரும். வரிசையில் முதல் மூன்றுக்குள் இருப்பவள் ஒரு வருடம் பின்னால் போய்விடுவாள். "யோசிச்சுச் சொல்லு. ஒரு வார்த்தைக்காக ஒரு வருஷமா?"

அப்போதுதான் அது நடந்தது.

"போட்டுடு பாப்பா," என்றாள் அம்மா.

ஃபேனைப் பார்த்து அல்ல. கைப்பையைப் பார்த்து அல்ல. அவள் முகத்தைப் பார்த்து. ஒன்பது நாளில் முதல் வார்த்தை. கொக்குக்கு உடனே போட்டுவிடலாம் என்று இருந்தது. பேனா கையில்தான் இருக்கிறது. போட்டுவிட்டால் அம்மாவோடு பஸ்ஸில் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போகலாம். ராத்திரி தட்டோடு வார்த்தையும் வரும். அடுத்த முறை மார்க்கு குறையும் வரைக்கும் வரும்.

அந்த 'வரைக்கும்' என்ற சொல்தான் பேனாவைப் பிடித்து நிறுத்தியது.

"கெட்ட சகவாசம்னு போட்டா நான் உன் வயித்துல பொறந்த நல்ல பொண்ணு. யாரோ கெடுத்துட்டாங்க. அப்படித்தானேம்மா?"

"அதுல என்ன தப்பு? நான் உன்னை அப்படித்தானே வளர்த்தேன்?" அம்மா துறைத்தலைவர் பக்கம் திரும்பினாள். இத்தனை நாள் தேக்கி வைத்தது குரலை உடைத்துக்கொண்டு வந்தது. "நீங்களே கேளுங்க சார். இவங்க அப்பா கப்பல்ல. ஒத்த ஆளா வளர்த்தேன். ஒரு நாள் கை நீட்டினது இல்ல. ஒரு வார்த்தை திட்டினது இல்ல. எவ்வளவு கோவம் வந்தாலும் வாயை மூடிக்கிட்டு என் வேலையைப் பார்ப்பேன். எங்கம்மா என்னைப் பேசின பேச்சையெல்லாம் என் பொண்ணு கேக்கக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன் சார். அப்படி வளர்த்த பொண்ணு இது."

கொக்கு அம்மாவையே பார்த்தாள். இது அவளுக்குத் தெரியாது. இருபத்தொரு வருடத்தில் தெரியாது. அந்த மௌனத்தை அம்மா ஒரு பரிசு மாதிரிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், இவள் அதைத் தண்டனை என்று எண்ணி நாள்நாளாகக் கணக்கு வைத்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை. யார் சொல்லியிருப்பார்கள், வீட்டில் இருந்ததே இரண்டு பேர்.

கோபம் போகவில்லை. ஆனால் அதற்கு முகம் மாறிவிட்டது.

பேனாவைத் திறந்து, அச்சடித்த வரியின் மேல் ஒரு கோடு போட்டாள். அளவுகோல் இல்லாமலே நேராக வந்தது. அதற்குக் கீழே, தூங்கப் பயந்தும் தோற்கப் பயந்தும் தெரிந்தே எடுத்துக்கொண்டேன், ஒன்பது நாளாக விட்டிருக்கிறேன், விட உதவி வேண்டும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளைத் துறைத்தலைவர் பக்கம் நகர்த்தினாள்.

"கமிட்டிக்கு அனுப்பிடுங்க சார்."

அம்மா தாளைப் பார்த்தாள். எந்தப் பழுதும் தப்பாத அந்தக் கண் அந்த இரண்டு வரியிலேயே நின்றது. உதடுகள் ஒட்டிக்கொண்டன. கொக்குக்கு அந்த உதடுகளைத் தெரியும். இனி இருபது நாளா, இரண்டு மாதமா என்பதுதான் கேள்வி. அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வெளிய போயிடலாம்," என்றாள் சுவர்க் கடிகாரத்திடம்.

"இல்லம்மா. வெளிய போனா நீ பேசமாட்டே. இங்கயே உட்காரு."

"எல்லாரும் பார்க்குறாங்க."

"பார்க்கட்டும்."

கிளார்க் ஸ்டேப்ளரை மெல்ல மேசைமேல் வைத்தார். துறைத்தலைவர் எழுந்து போகலாமா என்று யோசித்து, போகாமல் இருந்தார். அம்மா நின்றபடியே இருந்தாள். கொக்கும் எழுந்து நின்றாள், இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி. அவள் சொல்லப்போவது பத்தாம் வகுப்பிலிருந்து தொண்டையில் வைத்திருந்தது. அந்தப் பதினோரு நாளில் ஒவ்வொரு நாளும் சொல்லப் பார்த்து விழுங்கியது. அழுதுகொண்டு கேட்கவேண்டும் என்றுதான் எப்போதும் நினைத்திருந்தாள். இப்போது அழுகை வரவில்லை.

"நான் ஃபெயிலானாலும், இந்த வருஷமே போனாலும், மறுபடி அந்த மாத்திரையைத் தொட்டுட்டு வந்து நின்னாலும் என்கிட்ட பேசும்மா. உங்கம்மா உன்னைப் பேசின மாதிரிகூடப் பேசு, நான் தாங்கிக்கிறேன். பேசாம மட்டும் இருக்காதே."